கதவுக்கு வெளியே நின்றவளுக்கு

இன்று காலை பேருந்தில் யாரோ பூண்டு மூட்டையை ஏற்றிவிட்டார்கள். எங்கள் வடுகபட்டியில் அது புதிதல்ல; மண்டிக்குப் பக்கத்து நிறுத்தத்தில் ஏறுகிற எந்த வண்டியிலும் பூண்டு வாசம் இல்லாமல் இருக்காது. ஆனால் இன்றைய மூட்டை என் காலடியிலேயே கிடந்தது. வெயில் ஏற ஏற, தோலுக்குள்ளிருந்து அந்தக் கந்தக நெடி கிளம்பி வந்தபோது, பக்கத்து இருக்கையில் நீ உட்கார்ந்திருப்பதாகவே ஒரு கணம் நினைத்துவிட்டேன். திரும்பிக்கூடப் பார்த்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வயதான அம்மாள் தூங்கிக்கொண்டிருந்தார்.

உனக்கு நினைவிருக்கும். நம் ஆய்வறையில் தங்க அணுக்களுக்குச் சட்டை மாட்டுகிற அந்தக் கந்தகச் சேர்மம் நம் துப்பட்டாவிலும் தலைமுடியிலும் ஒட்டிக்கொண்டு எத்தனை முறை குளித்தாலும் போகாமல் கிடந்த நாட்கள். தேனியில் வண்டி ஏறியதும் நடத்துனர் மூக்கைச் சுளித்துக்கொண்டு நம் பக்கம் வந்தார்.

"யாரு தாயி பூண்டு மூட்டைய உள்ளுக்குள்ள ஏத்துனது? லக்கேஜ் டிக்கெட் எடுங்க."

"மூட்டை நான்தேண்ணே," என்றாய் நீ. "எனக்குத்தேன் டிக்கெட் எடுத்தாச்சே."

வண்டியே சிரித்தது. நான் மட்டும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இறங்கியதும் என்னிடம் சொன்னாய்: "ஒனக்கு மணக்கவே மணக்காதுடி. பூண்டு ஊருக்காரி. அந்தப் பாட்டில் ஒடஞ்சு கெடந்தாக்கூட அதுமேல படுத்துத் தூங்குவ."

இன்று நமக்குப் பெரிய ஓட்டம். பழனிசெட்டிபட்டிக் கூடத்தில் புதிதாக அமைத்த குழாய் வரிசைகள் எல்லாவற்றையும் முதல்முறையாக ஒன்றாகத் திறந்துவிடுகிற நாள். இதில் வருகிற சரக்கைத் தண்ணீர்ச் சோதனைக் காகிதம் செய்கிறவர்கள் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். சரக்கு சிவப்பாக ஒளிர்ந்து, மாலை வரை அந்தச் சிவப்பு எரிந்துகொண்டே இருந்தால் வாங்குவார்கள். அணைந்தால் கூடத்தைப் பூட்ட வேண்டியதுதான். இதற்காகச் சேர்த்து வைத்த தங்க உப்பு முழுவதையும் கரைத்தாகிவிட்டது. ஆனால் குழாயைத் திறக்க வேண்டியவள் நானல்ல. காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் நாம் தொடங்கிய இடத்துக்குப் போய்த்தான் வர வேண்டும்.

முதன்முதலில் அது எரிந்த நாளில் நாம் இருவரும் மேசைமேல் குனிந்திருந்தோம். கையடக்கக் குடுவையில், பனிக்கட்டித் தொட்டிக்குள், பழுப்பாக ஏதோ கொஞ்சம். யூவி டார்ச்சை அடித்ததும் அடுப்பில் கிடக்கிற கங்கு மாதிரிச் சிவந்தது. இருபத்துச் சொச்சம் தங்க அணுக்கள் ஒன்றாகக் கூடி, வெளியே கந்தகச் சட்டை போட்டுக்கொண்டு நின்றால்தான் அந்தச் சிவப்பு. இன்னும் நாலைந்து கூடிவிட்டால் அது வேறு ஒன்று. இன்னும் நிறையக் கூடினால் வெறும் தங்கத் துகள், ஊதா நிறம், ஒளி கிடையாது. அணுக்களை எண்ணி வைத்தாற்போல் ஒரு பொருள் செய்ய முடியும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். என் கையிலேயே அது ஒளிர்ந்தபோது, படித்தது எதுவும் நினைவுக்கு வரவில்லை.

நீதான் முதலில் பேசினாய். "இதக் காயிதத்துல தடவுனா எங்கப்பா கெணத்துத் தண்ணியச் சோதிக்கலாம்."

உன் வீடு கம்பம் பக்கம். பன்னீர்த் திராட்சைத் தோட்டம். மழை பெய்து வெயில் அடித்தால் இலைக்கு அடியில் சாம்பல் பூத்துவிடும் என்பதையும், மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்தே தீர வேண்டும் என்பதையும் நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மயில்துத்தம் என்றால் செம்பு. ஆண்டாண்டாக அடித்த செம்பு மண்ணிலும் கிணற்றிலும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பள்ளத்தாக்கில் யாருக்கும் தெரியாது. நம் சிவப்புக்குச் செம்பு ஆகாது. ஒரு துளியில் ஒரு பொட்டு அளவு இருந்தாலும் ஒளி அணைந்துவிடும். அந்தப் பலவீனத்தைத்தான் நீ பயனாகப் பார்த்தாய். காகிதத்தில் தடவு, தண்ணீரில் நனை, டார்ச் அடி. சிவந்தால் குடிக்கலாம், கறுத்தால் கூடாது. தோட்டத்துக்காரர் யாரும் செய்யலாம்.

"குப்பியில இருந்தா அது நம்ம ரெண்டு பேரோட சந்தோசம்," என்றாய். "கொடத்துல இருந்தாத்தேன் அது ஒரு பொருளு."

குடத்தில்தான் அது வரவில்லை. ஒரு கல்லூரியின் பின்கட்டில் நமக்கு ஓர் அறை கொடுத்திருந்தார்கள், ஓராண்டுக்கு. ஆண்டு முடிவில் ஒரு குழு வந்து பார்க்கும். குடுவையில் செய்ததைக் குடத்தளவில் செய்து காட்டினால் அறை தொடரும், கருவிகள் தொடரும். இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நீ பெங்களூரில் கிடைத்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தவள். நான் மேற்படிப்பைத் தள்ளிப்போட்டவள். அந்த அறை போனால் நமக்குப் போவதற்கு வேறு இடமில்லை.

நான் பெரிய பாத்திரம் கேட்டேன். கணக்குப் போட்டு, கலக்கியின் வேகத்தைக் கூட்டி, எல்லாவற்றையும் சரியாகத்தான் பெருக்கினேன். தங்க உப்பைத் தங்கமாக மாற்றுகிற ஒடுக்கும் கரைசலை ஊற்றியதும் அது விழுந்த இடத்தில் ஊதா. விழாத இடத்தில் வெறும் தண்ணீர். நடுவில் எங்கேயோ கொஞ்சம் சிவப்பு. அடுத்த முறை வேகமாக ஊற்றினேன். நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. நுரைக்குள் இருந்தது தீப்பிடிக்கிற வாயு. நீ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்து, மின்விசிறியைப் போடப் போன என் கையைத் தட்டிவிட்டாய். "சுவிட்சத் தொடாத! பொறி பறந்தா நம்மளும் சேந்து எரிவோம்." நுரை அடங்கும்வரை இருவரும் சுவரோடு ஒட்டி நின்றோம். நீ தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஏண்டி," என்றாய் கடைசியில், "வாழை நல்லா வெளையணும்னு ஒரே வாழைய ஊரு ஒசரத்துக்கு வளப்பாகளா? எண்ணிக்கையிலதான கூட்டுவாக?"

அடுத்த நாள் ஒரு பை நிறையச் சொட்டுநீர் டிரிப்பர்களோடு வந்தாய். பள்ளத்தாக்கில் எந்த உரக்கடையிலும் கிடைக்கிற அதே கறுப்பு மூக்குகள். மேட்டில் இருக்கிற கன்றுக்கும் பள்ளத்தில் இருக்கிற கன்றுக்கும் ஒரே அளவு தண்ணீர் விடுவதற்காகச் செய்தவை. உள்ளே ஒரு சிறு ரப்பர் தகடு அழுத்தத்தைச் சமன் செய்துகொள்ளும். எனக்குச் சிரிப்பு வந்தது. தங்க உப்பை வாழைக்குப் பாய்ச்சுகிற மாதிரிப் பாய்ச்சுவதா என்று கேட்டேன்.

"ஆமா. பாய்ச்சு. ஒவ்வொரு கொழாயும் ஒரு குடுவைன்னு வச்சுக்க. குடுவையிலதேன் நமக்கு வருதுல்ல?"

மெல்லிய குழாய்கள், ஒவ்வொன்றிலும் இரு கரைசல்களும் சந்திக்கிற ஒரு மூட்டு, சந்தித்ததும் பனித்தொட்டிக்குள் சுருண்டு ஓடி, கீழே ஒரு கண்ணாடி ஜாடியில் வடிய வேண்டும். ஜாடியும் அதே பனித்தொட்டிக்குள்தான் உட்கார்ந்திருந்தது. எல்லாக் குழாயிலும் ஒரே வேகம், ஒரே சூடு, ஒரே கலப்பு. வரிசையைக் கூட்டினால் சரக்கு கூடும். இரண்டு குழாயில் தொடங்கினோம். நாலு. எட்டு. விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் எட்டு முனைகளிலிருந்தும் எட்டுச் சிவப்புச் சொட்டுகள். நீ அவற்றின் கீழே கையை ஏந்துவது போல வைத்து விளையாடினாய். பம்பின் சத்தத்தை வைத்தே எந்தக் குழாயில் காற்று அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாய். எனக்கு அளப்பதும் கணக்கும், உனக்கு ஓட்டுவது. அப்படித்தான் பிரித்துக்கொண்டோம்.

பிறகு அணையத் தொடங்கியது.

காலையில் ஓட்டிய சரக்கு நன்றாகத்தான் சிவந்தது. மதியச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தால் மங்கியிருந்தது. சாயங்காலம் கறுப்பு. மறுபடி ஓட்டினோம். மறுபடியும் அணைந்தது. செத்த சரக்கிலிருந்து தங்கத்தை மீட்டுவிடலாம், ஆனால் அதற்கு வாரக்கணக்காகும். குழு வருகிற நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. அலமாரியில் தங்க உப்பு ஒரே ஒரு புட்டி மிச்சம். ஒரு ஓட்டத்துக்கு வரும்.

நாம் சண்டை போட்டோம். நான் டிரிப்பரைக் குறை சொன்னேன்; தோட்டத்துச் சாமானை ஆய்வகத்தில் வைத்தால் இப்படித்தான் என்றேன். நீ என் தண்ணீரைக் குறை சொன்னாய். வடிநீர்க் கேனை யார் கழுவினது என்று கேட்டாய். ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே மேசையில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தோம் அந்த மத்தியானம். அப்புறம் நீ எழுந்துபோய் நாம் செய்து வைத்திருந்த சோதனைக் காகிதக் கட்டை எடுத்து வந்து மேசையில் போட்டாய்.

"நமக்குள்ள எதுக்கு? இதுகிட்டயே கேப்போம். செம்பு எங்கன இருக்குன்னு கண்டுபிடிக்கத்தானே இதச் செஞ்சோம்?"

அறையையே சோதித்தோம். வடிநீரில் நனைத்தோம், சிவப்பு. டிரிப்பரைக் கழுவிய நீரில்; சிவப்பு. குழாய், மூட்டு, ஜாடி, மேசை, என் உள்ளங்கை, எல்லாமே சிவப்பு. கடைசியாகப் பனித்தொட்டி நீரில் நனைத்தேன். ஓரத்தில் லேசாக மங்கியது. தொட்டி சுத்தமாகக் கழுவியது, பனி சுத்தமான நீரில் உறைந்தது. நீ இன்னொரு காகிதத்தை எடுத்துத் தரக் கையை நீட்டினாய். தொட்டிக்குள் விட்டிருந்த கை. உன் மணிக்கட்டிலிருந்து ஒரு துளி என் கையிலிருந்த காகிதத்தில் விழுந்தது. டார்ச் வெளிச்சத்தில், சிவப்புக்கு நடுவே, நெற்றியில் மையிட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு.

இருவரும் உன் மணிக்கட்டைப் பார்த்தோம். மஞ்சள் கயிறு. வீரபாண்டி ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுப்பதாக நேர்ந்து கட்டிய காப்பு.

"அட ஆத்தா," என்றாய் மெதுவாக.

அப்போதுதான் சொன்னாய். அப்பா முதுகுப் பிடிப்பில் படுத்திருக்கிறார். கோடை மழை பெய்திருக்கிறது, மருந்தடிக்காமல் விட்டால் கொடி போய்விடும். விடிகாலையில் நீதான் தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்துவிட்டு, குளித்து, உடை மாற்றி, முதல் வண்டி பிடித்து வந்துகொண்டிருந்தாய். கையை எத்தனை சோப்புப் போட்டாலும் கயிறு கயிறுதானே. அது மயில்துத்தத்தைக் குடித்துவிட்டு, குழாய் முனைகளைச் சரிசெய்ய நீ ஜாடிமேல் குனிகிற ஒவ்வொரு முறையும் ஒரு துளி விட்டிருக்கிறது. கையுறை மணிக்கட்டோடு நின்றுவிடுகிறது. கயிறு அதற்கு மேலே.

"கழட்டி வச்சுட்டு, குழு வந்துட்டுப் போனதும் கட்டிக்கிறலாமே," என்றேன்.

"காப்புக் கட்டிட்டுக் கழட்டுறதா? எங்கம்மா என்னைய வீட்டவிட்டே கழட்டி விட்ருவாக."

சிரித்தாய். ஆனால் மற்றக் கையால் அந்தக் கயிற்றை மூடிக்கொண்டிருந்தாய். அப்பா எழுந்து நடக்க வேண்டும் என்று மூன்று வருடம் சட்டி எடுப்பதாக நேர்ந்த கயிறு அது. திருவிழா முடிகிற வரை அவிழ்க்கக் கூடாது. குழு வருவதோ அதற்கு முன்னால். கயிற்றை அலசிப் பார்த்தோம். அலசிய நீர் காகிதத்தை அணைத்தது. இன்னும் அலசினோம், இன்னும் அணைத்தது. பாலித்தீன் சுற்றி டேப் ஒட்டிவிடலாம் என்றேன்.

"ஒரே ஒரு தடவைக்குத்தேன் தங்கம் இருக்கு. அதுல டேப்ப நம்புவியா நீ?"

டேப்பை மேசையில் வைத்தேன்.

"நான் வெளிய நிக்குறேன்," என்றாய். "நீ ஓட்டு."

நான் ஒருநாளும் ஓட்டியதில்லை. உனக்கு அது தெரியும். இருந்தும், வேறு ஒரு வழியை யோசிப்பது போல்கூட நீ முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. மீதமிருந்த நாட்களில் வெறும் தண்ணீரை வைத்துக் கதவுக்கு அந்தப்பக்கம் நின்று பழக்கினாய். பம்பை எப்படித் திறப்பது, சத்தம் மாறினால் என்ன பொருள், எப்போது கைவைக்கக் கூடாது என்று. "ஒன் காதும் காதுதானே? கேளு. கேட்டாச் சொல்லும்."

குழு வந்த நாள் காலையில் நீ குளித்த தலையோடு, கதவில் பதித்திருந்த அந்தச் சிறு கண்ணாடிக்கு வெளியே நின்றாய். வந்தவர்களில் ஒரு அம்மையார் உன்னைப் பார்த்து, நீங்கள்தானே இதை வடிவமைத்தது, ஏன் வெளியே நிற்கிறீர்கள் என்று கேட்டது எனக்கு உள்ளே கேட்டது.

"நான் இப்ப செம்பும்மா. என்னையக் கண்டா அது அணஞ்சு போகும்," என்றாய்.

அவருக்குப் புரியவில்லை. நீ விளக்கவுமில்லை. "பைய... பையத் திற," என்று கதவு வழியாக என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாய். நான் திறந்தேன். அன்றைக்குப் பதினாறு குழாய்கள் மாட்டியிருந்தோம். முனைகளில் சொட்டு விழத் தொடங்கியது. டார்ச் அடித்தேன். சிவப்பு, சிவப்பு, சிவப்பு. பின்பு ஒரு முனை மட்டும் ஊதாவாகத் திரும்பியது. அந்தக் குழாயின் மூட்டில் காற்றுக் குமிழி ஒன்று அடைத்து நின்றது. அதில் கலப்பு கெட்டுவிட்டது; அந்த ஊதா ஜாடிக்குள் இறங்கினால் எல்லாமே கெடும்.

"ஒண்ணு நிக்குதுடி!" என்று கத்தினேன். கை பம்பின் சுவிட்சுக்குப் போய்விட்டது.

"நிறுத்தாத! நிறுத்துனா எல்லாத்துலயும் நின்னு போகும். அந்த முனைய மட்டும் ஜாடிக்கு வெளிய எடு. எடுத்துட்டியா? இப்ப மூட்டச் சுண்டு. வெரலால. பைய இல்லடி, கன்னத்துல அறையுற மாதிரிச் சுண்டு!"

சுண்டினேன். அசையவில்லை. மறுபடி சுண்டினேன். குமிழி தயங்கி, நகர்ந்து, ஓடிப் போனது. ஊதா வெளுத்தது; மெதுவாகச் சிவந்தது. முனையை ஜாடிக்குள் திருப்பி வைத்தேன். என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அத்தோடு முடியவில்லை. சாயங்காலம் வரை அது எரிய வேண்டும். குழுவினர் சாப்பிட்டுவிட்டு மற்ற அறைகளைப் பார்க்கப் போனார்கள். நான் உள்ளே ஜாடியோடு, நீ வெளியே. உள்ளே வர மாட்டேன் என்று சாப்பாட்டைக் கதவுக்கு வெளியிலேயே வைத்துச் சாப்பிட்டாய். வெயில் சாய்ந்தபின் அவர்கள் திரும்பி வந்தார்கள். விளக்கை அணைத்தேன். டார்ச் அடித்தேன். கங்கு மாதிரி, காலையில் இருந்த அதே சிவப்பு, ஜாடி முழுக்க. எல்லோரும் ஏதோ சொன்னார்கள். நான் ஜாடியைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேராக உனக்குக் காட்டினேன்.

நீ பார்க்கவில்லை. நெற்றியைக் கதவில் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாய். ஆத்தாளைக் கும்பிடுகிறாய் என்று நினைத்தேன். "பாருடி," என்று கண்ணாடியைத் தட்டினேன். தலையைத் தூக்காமலே சொன்னாய்:

"நீ பாத்தாச் சரி."

அறை தொடர்ந்தது. நீ அந்த வருடம் சட்டி எடுத்தாய். அப்பா எழுந்து நடந்து வந்து உனக்கு முன்னால் வேப்பிலையோடு போனார். மறுவருடமும் எடுத்தாய். அந்த ஆண்டுதான் பழனிசெட்டிபட்டிக்கு இடம் மாறினோம். வரிசைகளைக் கூட்டுவதற்கான வரைபடத்தை நீயே வரைந்தாய். ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனாய். "ரெண்டு நாளுல வந்துருவேன், பம்பத் தொடைச்சு வையி," என்றாய். தொடைத்து வைத்தேன். அந்தக் காய்ச்சல் உன்னைத் திருப்பி அனுப்பவில்லை.

அதற்குப் பிறகு பல வாரங்கள் நான் புத்தகங்களில் ஒளிந்துகொண்டேன். படித்த பக்கத்தையே திரும்பப் படிப்பேன். யாரோடும் உன்னைப் பற்றிப் பேசவில்லை, பேசத் தெரியவுமில்லை. கூடத்துக்குப் போவேன், பம்பைத் துடைப்பேன், பூட்டிவிட்டு வருவேன். கூடலூர்க்காரப் பெண் ஒருத்தி, வேதியியல் முடித்தவள், வேலை கேட்டு வந்த பிறகுதான் மறுபடி குழாய்களை மாட்டினேன். உன் வரைபடத்தின்படி வரிசை வரிசையாக.

திருவிழாவுக்குக் கோயில் வாசலில் மரக்கம்பம் நடுவதற்குச் சில நாட்கள் முன்னால் உன் அப்பா கூடத்துக்கு வந்தார். ஒரு பை திராட்சை. மேசையில் வைத்துவிட்டு நெடுநேரம் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரிப்பு மாதிரியே இருக்கு," என்றார்.

"டிரிப்புதாம்பா. அவ மாட்டுனது."

"ம்." பிறகு, என்னைப் பார்க்காமல்: "மூணு வருசம்னு நேந்துக்கிட்டா. ஒரு வருசம் நிக்குது. நான் எடுத்துருவேன்னு சொன்னேன், டாக்டர் வேண்டாமுன்னுட்டாக. ஆத்தா கோவிச்சுக்கிற மாட்டா. இருந்தாலும் சொன்னது நிக்குதேன்னு..."

அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை. "நான் கட்டிக்கிறேம்ப்பா," என்று சொன்னது நான்தான்.

என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு இதுல நம்பிக்கை உண்டுமா ஆத்தா?"

"அவ மேல உண்டுப்பா."

அவர் ஒரு திராட்சையைக் காம்போடு கிள்ளி என் கையில் வைத்தார்.

அப்படித்தான் இந்தக் கயிறு என் இடது மணிக்கட்டுக்கு வந்தது. நான் மருந்தடிப்பவள் அல்ல, என் கயிற்றில் செம்பு எங்கே என்று நினைத்திருந்தேன். தினமும் காலையில் வீரபாண்டிக் கோயிலுக்குப் போய்க் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கூடத்துக்கு வருகிறேன். உன் அம்மா கொடுத்தனுப்பிய செப்புக் குடம். நீ ஊற்றிய அதே குடம். முந்தாநாள் சந்தேகத்துக்கு ஒரு காகிதத்தைக் கயிற்றில் வைத்து அழுத்தினேன். கறுத்துவிட்டது. நான் சிரித்தேன், தெரியுமா? நீ போனபிறகு முதல்முறையாக, தனியாக, சத்தமாகச் சிரித்தேன். கூடலூர்க்காரி எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஓட்டத்தைத் தள்ளிப்போட முடியாது. வாங்குகிறவர்கள் சொன்ன நாள் இன்றுதான். நம் கூடத்துக் கதவில் உன் கையெழுத்தில் நீ ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது: கையில் கயிறு கட்டியவர் வெளியே நிற்கவும். நின்றேன்.

இந்தக் கதவிலும் ஒரு சாண் கண்ணாடி. உள்ளே கூடலூர்க்காரி, கையுறையோடு. வெறும் தண்ணீரில் நீ என்னைப் பழக்கிய மாதிரி நான் அவளைப் பழக்கியிருந்தேன். சரக்கு வாங்க வந்திருந்த இருவரும் எனக்குப் பின்னால் நாற்காலியில். "பையத் திற," என்றேன். பம்பு முனகியது. எத்தனையோ முனைகளில் ஒரே நேரத்தில் சொட்டு இறங்குகிற சத்தம் கதவு வழியாக மழை மாதிரி வந்தது. நான் கண்ணை மூடிக் கேட்டேன். நடுவில் எங்கேயோ ஓர் இடத்தில் மழை விட்டது.

"மூணாவது வரிசையப் பாரு!" என்றேன். அவள் பார்ப்பதற்கு முன்பே.

"ஐயோ அக்கா, ரெண்டு நிக்குது! நிறுத்திரவா?"

"நிறுத்தாத. முனைய வெளிய எடு. சுண்டு."

"அசைய மாட்டேங்குதுக்கா!"

"அறையுற மாதிரிச் சுண்டு புள்ள!"

கண்ணாடி வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. கதவைத் திறந்தால் ஐந்தடி. ஐந்தடியில் எனக்குத் தெரிந்த வேலை; என் விரல் ஒரு சுண்டில் செய்துவிடும். தாழ்ப்பாள்மேல் என் வலது கை இருந்தது. இடது கையில் ஈரக் கயிறு. தாழ்ப்பாளை நான் திறக்காமல் இருந்ததுதான் இன்று நான் செய்த ஒரே வேலை.

"ஓடிருச்சுக்கா," என்றாள் அவள். "ரெண்டும் ஓடிருச்சு."

நான் வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். வந்தவர்கள் டீ குடிக்கப் போய்விட்டு வந்தார்கள். மலைப் பக்கம் வெயில் இறங்கியதும் அவள் உள்ளே விளக்கை அணைத்தாள். கண்ணாடி இருண்டது. டார்ச்சைச் சொடுக்குகிற சத்தம் கேட்டது. என் நெற்றி தானாகக் கதவில் போய்ச் சாய்ந்தது. இரும்புக் கதவு, பகல் முழுக்க வெயில் குடித்துச் சூடாக இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. உள்ளேயிருந்து கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மூடிய இமைக்கு மேல் ஏதோ சிவப்பாகப் படிந்தது.

"அக்கா, பாருங்கக்கா. தூக்கிக் காட்டுறேன், பாருங்க."

நீ அன்று கும்பிடவில்லை. கண்ணைத் திறக்க முடியாமல் நின்றிருக்கிறாய். எனக்கு இன்றுதான் தெரிகிறது.

"நீ பாத்தாச் சரி," என்றேன்.